பெட்டி வேறு, கடிகாரம் வேறு

மணப்பாடு
ஆகஸ்ட் 27

அன்பு மகன் கிளைட்டனுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன், கடலில் இருக்கிற உன்னையும் உன் கப்பலையும் அவளே கைப்பிடித்துக் கொண்டுபோக வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். மேலே மணப்பாடு என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே, உன் விஜிலா பெரியம்மா வீட்டில் இருக்கிறேன். போனில் சொல்லத்தான் வாயெடுத்தேன், அதற்குள் அலமாரியைத் திறங்கம்மா, அந்த நீல டயல் கடிகாரத்தை வெளிச்சத்தில் காட்டுங்கம்மா என்று நீ ஆரம்பித்துவிட்டாய், பிறகு லைன் போய்விட்டது. அதனால் நடந்ததை எழுதி உன் கம்பெனியின் சிங்கப்பூர் ஏஜென்ட் விலாசத்துக்கு அனுப்புகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படி.

இந்த வருஷம் பனிமய மாதா திருவிழாவுக்கு நான் சரியாகப் போகவில்லை. கொடியேற்றத்துக்குக் கூட்டத்தில் நிற்கும்போதே, நம் வீட்டில் ஆள் இல்லையே என்று மனம் அடித்துக்கொண்டது, பாதியில் திரும்பிவிட்டேன். பவனி அன்று கேட்டைப் பூட்டிக்கொண்டு மாடியில் நின்று மைக்கில் வந்த ஜெபத்தைக் கேட்டேன். உன் அப்பா போன பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் உன் போன் ஒன்றுதான். நீ ஒவ்வொரு லீவுக்கும் ஒன்றிரண்டு கடிகாரம் கொண்டுவந்து வைத்தாய். இந்தப் பச்சையில் ஒரே வருஷம்தான் போட்டார்கள், இதில் கீழ் வரி சிவப்பு எழுத்து, அடுத்து வந்ததில் வெள்ளையாக்கிவிட்டார்கள், இன்னும் இருபது வருஷத்தில் இதையெல்லாம் உலகமே தேடி அலையும் என்று நீ சொல்லும்போது உன் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்க்கவே நான் சரி சரி என்றேன். ஸ்டிக்கரைக் கிழிக்கக்கூடாது, சாவி கொடுக்கக்கூடாது, பெட்டியையும் கடிகாரத்தையும் பிரிக்கக்கூடாது, வீட்டைப் பூட்டிவிட்டு எங்கேயும் போய்த் தங்கக்கூடாது என்று நீ சொன்ன எல்லாவற்றையும் காப்பாற்றினேன்.

திருவிழா முடிந்த வாரம் பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள், இடது காலில் மாவுக்கட்டு. மகள் பெங்களூரிலிருந்து வந்து பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் பெரியம்மா என்னை வரச்சொல்லி போன் செய்தாள், வர முடியாதக்கா என்றேன், ஏன் என்றாள், உன் கடிகாரங்களைச் சொன்னேன். அதற்கு அவள் கேட்டாள், "ஏளா செல்வி, கூடப்பொறந்தவ இங்கன கெடக்கேன், நீ ஓடாத கடிகாரத்துக்குக் காவலு இருக்கியா?" கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், மெதுவாகத்தான் கேட்டாள். அன்றைக்கே உன்னிடம் அவள் விழுந்ததைச் சொன்னேன். ஐயோ பாவம் என்றாய், கூடவே சென்னையிலிருந்து என் கூட்டாளி ஜெபசீலன் வாரான், அவனுக்கு நீல டயலைக் காட்டுங்கம்மா என்றாய்.

வீட்டுக்கு ஆள் வருகிறது என்றதும் நான் சீலா மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன், மக்ரூன் வாங்கி வைத்தேன், மேசை விரிப்பைக்கூட மாற்றினேன். உன்னைப்போலவே கடிகாரம் சேர்க்கிற பிள்ளை, மரியாதையான பையன்தான். கையுறை போட்டு, கண்ணில் லென்ஸை வைத்து, நீலம் ஓரத்தில் கத்தரிப்பூ நிறமாக மாறி வருவதை எனக்கும் காட்டினான். முதலில் பூசின சாயம் நிற்கவில்லையாம், கம்பெனி பிறகு வேறு சாயம் போட்டுவிட்டதாம், அதனால் இப்படி மாறுகிற டயல் இனிமேல் வராதாம். அவன் சொல்லக் கேட்பது நன்றாக இருந்தது, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். போட்டோ எடுக்கும்போது, "ஆன்ட்டி, கைய மட்டும் கொஞ்சம் எடுத்துக்கோங்க, படத்துல விழுது" என்றான். எடுத்துக்கொண்டேன். சாப்பிடச் சொன்னதற்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனான். சாயங்காலம் நீ அந்தப் போட்டோவை எனக்கு அனுப்பி எவ்வளவு அழகு பாருங்கம்மா என்றாய். நம் சாப்பாட்டு மேசை, ஜன்னல் வெளிச்சம், கடிகாரம், அழகாகத்தான் இருந்தது. அடுத்தபடி பெரியம்மா கால் எப்படி இருக்கிறது என்று கேட்பாய் என்று போனை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். கையுறை போட்டுத்தானே தொட்டான் என்று கேட்டாய்.

மறுநாள் சிலுவை அண்ணன் ஆட்டோவில் பேங்குக்குப் போனேன். அப்பாவின் வைத்தியத்தோடு நகை போன பிறகு நம் லாக்கர் சும்மாதான் கிடந்தது. கடிகாரங்களைப் பெட்டியோடு அதில் வைக்கப் பார்த்தேன், ஒரு பெட்டியே பாதி இடத்தை அடைத்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பி, அப்பாவின் வெள்ளை வேட்டி ஒன்றைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொரு கடிகாரத்தையும் பெட்டியிலிருந்து எடுத்துச் சுற்றி, எது எந்தப் பெட்டிக்கு உரியது என்று சீட்டு எழுதிச் சொருகி, மறுபடியும் போனேன். ஸ்டிக்கர் ஒன்றும் கிழியவில்லை. நீல டயல் மட்டும் ஆட்டோ குலுக்கலில் ஓட ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது, லாக்கரில் வைக்கும்போது கையில் துடித்தது, காதில் வைத்துக் கேட்டேன். நிறுத்தத் தெரியவில்லை, அப்படியே வைத்துப் பூட்டிவிட்டேன். காலிப் பெட்டிகள் அலமாரியில் இருக்கின்றன. பெட்டியும் கடிகாரமும் பிரிந்ததால் மதிப்புக் குறையும் என்றால் குறையட்டும் ராசா, அம்மா செய்த வேலை என்று உன் கூட்டாளிகளிடம் சொல்லிவிடு.

நான் இங்கே வந்து நின்றபோது பெரியம்மா கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். இப்போது அவளுக்குக் கஞ்சி வைக்கிறேன், தலை சீவிவிடுகிறேன், இரண்டு பேரும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை போடுகிறோம். கட்டுப் பிரிக்கும்வரை இங்கேதான் இருப்பேன், செப்டம்பரில் சிலுவைத் திருவிழாவும் பார்த்துவிட்டுத்தான் தூத்துக்குடிக்குத் திரும்புவேன். உன்னைக் குறைசொல்ல இதை எழுதவில்லை தம்பி. மாசக்கணக்கில் இஞ்சின் சூட்டில் கிடந்துவிட்டுக் கரையில் இறங்கினால் உனக்கு அந்தக் கடிகாரக் கடைகளை விட்டால் போக்கிடம் ஏது, கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நீ தனியாக நின்று பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். வாங்காதே என்று சொல்லமாட்டேன். அடுத்து வாங்குவதை மட்டும் ஸ்டிக்கரைக் கிழித்து உன் கையில் கட்டிக்கொள், அது எவ்வளவு அபூர்வமானதாக இருந்தாலும் சரி. தண்ணீர் நிறையக் குடி, முதுகு வலிக்குத் தைலம் தேய்க்காமல் படுக்காதே, பெரியம்மாவுக்கு ஒரு வரி எழுது, அவள் வாய்விட்டுக் கேட்கமாட்டாள், ஆனால் காத்திருக்கிறாள்.

நீ போகிற துறைமுகமெல்லாம் உனக்கு நல்ல துறைமுகமாக இருக்க ஆண்டவர் துணையிருப்பார், பெரியம்மாவும் நானும் உன் நெற்றியில் சிலுவை வரைந்ததாக நினைத்துக்கொள். மறக்காதே, இந்த வீட்டுக்குள் போனுக்குச் சிக்னல் எடுப்பதில்லை, மணல்மேட்டுக் கோயில் படியேறினால்தான் கிடைக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து அங்கே நிற்பேன். உனக்கு அந்த நேரம் ஒத்துவராவிட்டாலும் பரவாயில்லை, கப்பல் ஏதாவது போகிறதா என்று பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் இறங்குவேன்.

இப்படிக்கு
உன் அம்மா
மரியசெல்வி