சட்னியில் கிடந்த நாய் முடி

அன்பு மாப்பிள்ளை,

உன் பதினாறாம் நாள் காரிய விருந்தில் தேங்காய்ச் சட்னிக்குள் கிடந்தது உன் மனைவியின் தலைமுடி அல்ல. நாய் முடி. அதைச் சேர்த்தவன் நான். கோயில் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். உன் நற்குணங்களை எழுதத்தான் உட்கார்ந்தேன். கை இதைத்தான் எழுதுகிறது.

வாசிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். நானும் என் தங்கை செல்வியின் புருஷனும் தூண்டிலில் மண்புழு வைக்க மாட்டோம். கொக்கியில் நூல் சுற்றி, ரோமத்தை முறுக்கி, மீனை ஏமாற்ற ஒரு பொய் ஈயைக் கட்டுவோம். அந்த ஈயின் உடம்புக்கான பஞ்சுக்கு டப்பிங் என்று பெயர். போட்டாதாங் கடையில் வெளிநாட்டுப் பொட்டலத்தின் விலையைக் கேட்ட அன்றே நான் சொந்தத் தயாரிப்பில் இறங்கிவிட்டேன்.

ஷ்வேப்யிதா ஸ்வெட்டர் ஆலையின் கழிவு நூல், சாக்கு நார், நீ சோறு போட்டு வளர்த்த செவலைத் தெருநாயைச் சீவி எடுத்த முடி. எல்லாவற்றையும் அரை விரல் நீளத்துக்கு வெட்டி, மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு சுற்று சுற்றினால் மேகம் மாதிரிப் பொங்கி வரும். நீ அதை விரலில் எடுத்துப் பார்த்து, "மச்சான், இது ஈயா, எலிக்குஞ்சா?" என்பாய். த்வாண்டே கால்வாய்க்குப் போனதும் அந்த எலிக்குஞ்சில் இரண்டை ஓசியில் கேட்பவனும் நீதான்.

படையலில் உனக்கு வெற்றிலை, சுருட்டு, காப்பி எல்லாம் வைப்பதாக இருந்தார்கள். ஓர் ஈயும் வைக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அது தப்பா? படையலுக்கு முந்தின நாள் சாயங்காலம் கரண்டு வந்து, தெருப் பிள்ளைகள் பர்மிய மொழியில் "மீ லாப்யீ", கரண்டு வந்தாச்சு, என்று கத்தியதும், அது போவதற்குள் செவலையின் முடியை எங்கள் வீட்டுச் சட்னி ஜாரில் போட்டு அடித்தேன். பெரிய ஜாரில் கொஞ்ச முடி பிடிபடாது. அப்புறம் ஜாரை இரண்டு தரம் கழுவினேன், மாப்பிள்ளை. பிளேடுக்கு அடியில் சுற்றிக்கொண்டதை யார் பார்த்தார்கள்?

மறுநாள் காலை உன் வீட்டில் கரண்டு இல்லை, எங்கள் தெருவில் இருந்தது. செல்வி துருவிய தேங்காயோடு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். ஜாரை எடுத்து நீட்டினேன்.

பந்தியில் உன் பெரியம்மா, பர்மிய மரியாதையில் டோ லட்சுமி, இலையிலிருந்து ஓர் இழையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏன்டி செல்வி, தலைய முடிஞ்சுக்கிட்டு அரைக்கக் கூடாதா? புருஷனுக்குப் படைக்கிற சோறுடி."

"முடிஞ்சுதான் இருந்தேன் அத்தை."

"அப்ப இது தானா நடந்து வந்துச்சாக்கும்."

நான் சாம்பாரை மிகவும் கவனமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாய் முடி என்று சொன்னால் பந்தியே எழுந்து ஓடும், அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் ஏன் சொல்லவில்லை? மறுமாதம்? அதற்கெல்லாம் காரணம் தேட இப்போது அலுப்பாக இருக்கிறது.

செவலை நலம். உன் வாசலில்தான் படுத்திருக்கிறது. நான் கால்வாய்ப் பக்கம் போவதில்லை. படகுத்துறை வரை நடப்பதை நினைத்தாலே கால் வலிக்கிறது.

அடுத்த மாதம் உன் முதல் தெவசம். சமையலைப் பற்றிப் பேச செல்வியிடம் போனேன்.

"கடையில சொல்லிடுங்கண்ணே," என்றாள். "என் கையால வேணாம். போன தடவ அவருக்குச் செஞ்சதுலதான் முடி விழுந்துச்சே."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இந்த ஒரு வருஷமாக அவள் யாருக்கும் ஒரு பிடி சோறு ஆக்கிப் போட்டதில்லை. வாழைப்பூ வடைக்காக மழையில் நனைந்து வீடு திரும்புகிறவன் நீ. யாரோ பொரித்து டப்பாவில் அடைத்ததை இலையில் வைத்தால் வருவாயா?

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். தெவசத்துக்கு முன்னாலேயே மலர் வந்துவிடும். முதல் பிரதியை நானே கொண்டுபோய், இந்தப் பக்கத்தை மடித்து, செல்வியின் கையில் கொடுப்பேன். ஒரு வரியையும் அடிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் மனைவிக்கு ஒரே அண்ணன், உனக்கு ஒரே மச்சான்.

பி.கு.: எங்கள் அப்பா ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பியது என்னை மட்டும்தான். செல்விக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது.