ஒரே நாளில் தின்று தீர்க்க வேண்டிய காளை

ஏழாம் மாதம், முதல் நாள்

காய்ச்சல் விட்டு எட்டு நாள். இன்று இரண்டு அத்திப்பழம் தின்றேன், வயிற்றில் தங்கியது. பிழைத்தால் சீலோ ஆலயத்தில் நன்றிப் பலி கொடுப்பதாக ஆண்டவரிடம் நேர்ந்திருக்கிறேன், இனித் தள்ளிப்போட முடியாது. என் மனைவி அக்சாள், "ஆட்டுக்கடா போதும்ங்க" என்கிறாள். போன வருஷம் என் தம்பி சுப்பீம் கொடுத்ததும் ஆட்டுக்கடாதான். நானும் அதையே கொடுத்தால் ஊர் என்ன சொல்லும்?

காளை.

இரண்டாம் நாள்

எங்கள் குலம் முழுவதும் ஒற்றுமையாக ஆண்டவர் சந்நிதியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதுதான் என் ஆசை. சுப்பீமைத் தவிர. யார் ஆடு முதலில் குடிப்பது என்று நடந்த அந்தக் கிணற்றுச் சண்டையை நான் எப்போதோ மறந்துவிட்டேன். அன்று அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

அக்சாளுக்கு வேறு கவலை. "நன்றிப் பலிக் கறிய அன்னிக்கே தின்னு தீர்க்கணும். மிச்சம் வச்சா பலியே செல்லாது. இவ்வளவு பெரிய காளைக்கு ஆள் வேணாமா?"

நாற்பது பேரை அழைத்திருக்கிறேன் என்றேன்.

நான்காம் நாள்

சீலோ வந்தாயிற்று. கால் வலி. எழுதக் கையிலிருக்கும் பானை ஓடும் சிறியது. மிச்சம் நாளைக்கு.

ஐந்தாம் நாள், முற்பகல்

கொழுப்பு பலிபீடத்துக்கு. நெஞ்சுக்கறியும் வலது தொடையும் ஆசாரியருக்கு. "எல்லாரும் பங்கு போட்டுத் திங்கிறோம் பாருங்க, அதான் இந்தப் பலியோட அழகு" என்றார், தொடையைத் தோளில் போட்டுக்கொண்டே.

மச்சான் எலாசா ஆள் அனுப்பியிருக்கிறார். வழியில் செத்த பல்லியைத் தொட்டுவிட்டாராம். பொழுது சாயும்வரை தீட்டு, பலிக் கறியைத் தொடக் கூடாது. பாவம்.

சித்தப்பா வீட்டிலும் பல்லி. பெரியப்பா மகன்கள் மூவருக்கும் பல்லி. இந்த மலைநாட்டில் ஒரே நாளில் இத்தனை பல்லிகள் சாகுமா? போன விருந்தில் கறி வேகும்வரை கிணற்றுக் கதையைச் சொன்னேன். அதுக்கா இப்படி?

பிற்பகல்

நான், அக்சாள், மகள்கள் இருவர். நான்கு வாய். ஆலய முற்றத்தில் மற்ற எல்லோர் கையிலும் அவரவர் கறி.

மிச்சம் விழுந்தா நேர்ந்தது வீணாயிடும். மறுபடி அந்தக் காய்ச்சல் வந்தா? பயமா இருக்கு, பயமாத்தான் இருக்கு. இடது தொடையையே இன்னும் பாதி முடிக்கல—

அந்தக் கோடியில் மட்டும் சுப்பீம், அவன் மனைவி, ஏழு பிள்ளைகள், அவன் மாமனார் வீட்டார் முப்பது பேர். ரொட்டியும் ஒலிவக்காயும். பிள்ளைகள் எங்கள் பானையையே பார்க்கிறார்கள். "நீங்க போய்க் கூப்பிடுறீங்களா, நான் போகட்டுமா?" என்றாள் அக்சாள்.

ஆறாம் நாள்

போனேன்.

"சுப்பீம், கறி நிறைய இருக்கு."

"கிணத்துக் கதை உண்டாண்ணே?"

"இல்லடா."

"அப்ப வர்றோம்."

நேற்று இருட்டுவதற்குள் எலும்பு மட்டும்தான் மிஞ்சியது. கடைசித் துண்டை அவன் வாயில் போடும்போது கேட்டேன். "ஏன்டா, நீ மட்டும் பல்லியத் தொடலயா?"

"நீதான் என்னக் கூப்பிடவே இல்லையே. எனக்கெதுக்குப் பல்லி?"



இருபதாம் நாள்

காலையில் கிணற்றுக்குப் போனேன். சுப்பீமின் ஆடுகள் எனக்கு முன்னால் வந்து குடித்துக்கொண்டிருந்தன. விரட்டக் கல்லை எடுக்கவில்லை.

"அடுத்த வருஷம் என்னண்ணே, ஆட்டுக்கடாவா?" என்றான்.

ஆட்டுக்கடா என்றால் நாங்கள் நான்கு பேரும் அக்கம்பக்கத்து ஆள் இரண்டும் போதும், தீர்ந்துவிடும்.

காளை என்றேன்.