முக்காமல் விட்ட துண்டு

ஜூன் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரி ஊசி அறையில் இன்று கூட்டம் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட இறக்காமல், உயிர்ப் பவளம் வளர்க்கிற உப்புத்தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். ஊதாப் பவளத்தின் கிளைகளில் கடித்தெடுத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். ஒரு கிளையை உடைத்து, வெள்ளைக் கிண்ணத்தில் மருந்துத் தண்ணீர் கலந்து முக்கினேன். சிரிஞ்சால் பீய்ச்சப் பீய்ச்ச, எள்ளளவு தட்டைப் புழுக்கள் உதிர்ந்தன. பதினொன்று. பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்?

எங்கிருந்து வந்தது? நவம்பரில் கடையில் வாங்கியதை முக்கித்தான் போட்டேன். அதற்குப் பிறகு வந்தது ஒன்றே ஒன்று, மார்ச்சில் அண்ணன் கொண்டுவந்த பச்சைத் துண்டு. அதை முக்கவில்லை.

எப்படி முக்குவது? அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் வைத்துக்கொள்வது என்ற சண்டையில் நாலு வருஷம் பேச்சில்லாமல் இருந்தவன். ஜனவரியில் நான்தான் மனசு இறங்கி, ஊதாவில் ஒரு துண்டு வெட்டி வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். அதற்கு மறுமொழியாக, பத்து வருஷமாக வளர்க்கிற பச்சையில் ஒரு கிளையோடு அவனே வந்தான். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சோபா நுனியில் உட்கார்ந்திருந்தான். அவன் கண்ணெதிரே அதை மருந்தில் முக்கினால், உன் வீட்டுப் பொருள் சுத்தமில்லை என்று முகத்தில் அடித்த மாதிரி ஆகாதா?

ஜூன் 4

அண்ணனுக்குப் போன் செய்தேன். செய்திருக்கக் கூடாது.

"உன் வீட்டு அழுக்கை என் வீட்ல கொண்டாந்து கொட்டிட்டே. எப்பவும் நீ இப்படித்தான்" என்றேன்.

இரண்டாவது வாக்கியம் பவளத்தைப் பற்றியதே இல்லை. அவனுக்கும் அது புரிந்திருக்கும். "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

பச்சைத் துண்டைக் குப்பையில் போடக் கையில் எடுத்தேன். கை வரவில்லை. மற்றதோடு சேர்த்து அதையும் முக்கினேன்.

ஜூன் 9

இரண்டாம் முறை முக்கினேன். பெரிய பவளங்களைக் காப்பாற்ற வழியில்லை. நல்ல நுனிகளாகப் பதினேழு துண்டு வெட்டித் தனித் தொட்டியில் வைத்திருக்கிறேன். மருந்து புழுவைத்தான் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. அது பொரிந்து வர வர, ஆறு நாளைக்கு ஒரு தரம் முக்கிக்கொண்டே இருக்க வேண்டும். "ஆஸ்பத்திரியில ஒரு ஷிஃப்டு, வீட்ல ஒரு ஷிஃப்டு" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 15

மூன்றாம் முறை. நாலு புழு. அண்ணன் கூப்பிடவில்லை. நானும்தான்.

ஜூன் 18, புதன்

துண்டுகளின் அடியில் ஒட்டியிருக்கும் முட்டைகளைச் சுரண்ட மெல்லிய கொக்கி வேண்டியிருந்தது. பல் டாக்டரிடம் பழையது ஒன்று கேட்கப் போனேன். அவர் க்ளினிக்கிலும் ஒரு பவளத் தொட்டி உண்டு. என் ஊதாவில் அவருக்கும் ஒரு துண்டு கொடுத்திருந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் சாதாரணமாகச் சொன்னார்: "நீங்க குடுத்த துண்டுலயும் இருந்துச்சே மேடம். முக்கினப்போ ஏழெட்டு விழுந்துச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்."

என்றைக்கு என்று கேட்டேன். தொட்டிக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறார், பார்த்துச் சொன்னார். ஜனவரி 12.

அண்ணன் வந்தது மார்ச்சில். ஜனவரி 12 அன்று நான் வெட்டியது இரண்டு துண்டு. ஒன்று டாக்டருக்கு. ஒன்று அண்ணனுக்கு.

அப்படியென்றால் புழு வந்தது நவம்பர் கடைச் சரக்கில். ஒரு தடவை முக்கினேன், போதும் என்று விட்டேன். அடுத்த டோஸை மறக்காதீங்க, மறக்காதீங்க என்று நாள் முழுக்க ஊருக்கே சொல்கிற வாய் இது. இந்த வாயால்தான் அவனை — ஐயோ, என்ன பேச்சுப் பேசிட்டேன்.

ஜூன் 19

மூன்று தரம் போனை எடுத்தேன். மூன்று தரமும் வைத்துவிட்டேன்.

ஜூன் 21

நாலாம் முறை. ஒரே ஒரு புழு.

ஜூன் 27

ஒன்றும் விழவில்லை. மொத்தம் ஒன்பது துண்டு பிழைத்திருக்கிறது. பச்சை நன்றாக இருக்கிறது. நுனியில் புது வெள்ளை, வளர்கிறது.

ஜூலை 3

இன்றும் ஒன்றும் இல்லை. அண்ணனிடம் போகாமலிருக்க இனி சாக்குச் சொல்ல எனக்கு எதுவும் மிச்சமில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பச்சையில் பாதியை வெட்டி டப்பாவில் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். மருந்துப் புட்டியையும் பையில் போட்டுக்கொண்டேன். அண்ணிதான் கதவைத் திறந்தார். ஹாலில் அவன் தொட்டி. விளக்கு எரிகிறது, மோட்டார் ஓடுகிறது, இரண்டு மீன் சுற்றுகிறது. பவளம் ஒன்றுகூட இல்லை. வெறும் கல்.

ஏப்ரலிலேயே எல்லாம் போய்விட்டதாம். பத்து வருஷப் பச்சை உட்பட. அண்ணி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"என் துண்டாலதானே?" என்று கேட்டேன்.

"ஆமா."

"ஏண்ணா சொல்லல? அப்பவே சொல்லியிருந்தா என்னோடதையாவது காப்பாத்தியிருப்பேனே."

அவன் சொன்னான்: "நாலு வருஷம் கழிச்சு நீயா ஒண்ணு குடுத்தனுப்பியிருக்கே. அதுல புழு இருந்துச்சுன்னு நான் எப்படிம்மா சொல்லுவேன்?"

அவன் மேல் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு, முக்காமல் விட்ட என் மரியாதையும் சொல்லாமல் விட்ட அவன் மரியாதையும் ஒன்றேதான் என்று உறைத்தது. அன்றைக்குப் பேசியது தப்பு என்று சொன்னேன். அம்மா விஷயத்தில் பேசியதையும் சேர்த்துத்தான் சொன்னேன். 

டப்பாவைத் திறந்து கொடுத்தேன். அவன் பச்சையைக் கையில் எடுத்தான். அப்படியே தொட்டிக்குள் விடப் போனான்.

"முக்கிட்டு விடு" என்றேன்.

"நீ குடுத்தா சரியாத்தானே இருக்கும்."

"வேணாம்ணா. என் முன்னாடியே முக்கு."

சமையலறையிலிருந்து வெள்ளைக் கிண்ணம் கொண்டுவந்தான். மருந்தை நான் ஊற்றினேன். அவன் சிரிஞ்சால் பீய்ச்சினான். பத்து நிமிஷம் இரண்டு பேரும் கிண்ணத்துக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தலை முட்டிக்கொண்டது. இருவரும் நகரவில்லை.

எதுவும் விழவில்லை. ஆனாலும் ஆறாம் நாள் மறுபடி பார்க்க வேண்டும், நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"சிரிஞ்சு நல்லதா ஒண்ணு எடுத்துட்டு வா. இது ஒழுகுது" என்றான்.

சனிக்கிழமை டியூட்டியை மாற்றிக் கேட்டிருக்கிறேன்.