தனியாகப் போகிறவளின் வண்டி

இன்று காலை செஞ்சி கடைத்தெருவில் வண்டி ஷோரூமுக்குள் நுழைந்ததும் புது டயரின் ரப்பர் வாசனை அடித்தது. உன் நினைவு வந்து வாசலிலேயே நின்றுவிட்டேன். நம் சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ் பெண் முதல் வண்டி வாங்கப் போகிறாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

வல்லம் பக்கத்துக் கிராமங்களுக்குத் தடுப்பூசிப் பெட்டியோடு நீயும் நானும் பஸ்ஸில் அலைந்த காலம் ஒன்று உண்டு. பஸ் தவறினால் அந்த ஊர்க் குழந்தைகளுக்கு அன்று ஊசி கிடையாது. வண்டி வாங்கியே தீர்வதென்று நான் முடிவெடுத்தபோது வயது முப்பத்தைந்து தாண்டியிருந்தது. உன் தம்பியின் வண்டியில் ஏரிக்கரையில் பழகியதுதான் எனக்குத் தெரிந்த ஓட்டம். அன்று இதே ஷோரூமுக்குத் துணையாக வந்தவள் நீ.

"லேடீஸுக்கு ஸ்கூட்டிதான்க்கா நல்லது" என்றான் விற்பனைப் பையன்.

"மழ பேஞ்சா எங்க வழியில இந்தச் சின்ன வீலு நிக்குமா? கியர் வண்டி காட்டு தம்பி" என்றாய்.

எனக்கோ உயரமான சிவப்பு வண்டிமேல் ஆசை. ஏறி உட்கார்ந்தால் கால்விரல்கள்தான் தரையைத் தொட்டன. பழகிவிடும் என்றேன். நீ விடவில்லை. ஓட்டிப் பார்க்க வைத்திருந்த அதே மாதிரி வண்டியைக் காட்டி, "இத கீழ சாச்சி வையி. அவ தூக்கட்டும்" என்றாய்.

"இன்னாக்கா சொல்ற!" பையன் பதறினான்.

"தனியா போறவப்பா. சேத்துல வுழுந்தா தூக்கிவுட நீயா வருவ?"

மூச்சு முட்டத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. எதிர் டீக்கடையே வேடிக்கை பார்த்தது. உன்மேல் அப்படியொரு கோபம். பிறகு தாழ்வான கறுப்பு வண்டியைச் சாய்த்தார்கள். இரண்டாவது முக்கலில் எழுந்து நின்றது. நீ பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, உனக்கு இடம் போதுமா என்று பார்த்தாய்.

அந்தச் சீட்டில்தான் அடுத்த வருஷம் உன்னைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனேன், புற்றுநோய் மருத்துவத்துக்காகப் பாண்டிச்சேரி பஸ் ஏற்றிவிட. ஒரு சாயங்காலம் திரும்பும்போது, கோட்டைக்குப் பின்னால் மண்பாதையில் நிறுத்தச் சொன்னாய்.

"எறங்குடி. நான் ஓட்டறேன்."

முடி கொட்டிய தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் கியரில் நகர்ந்தாய். பின்கம்பியைப் பிடித்தபடி கூடவே ஓடினேன்.

"வுடுடி! வுட்டுடு!"

விட்டேன். புளியமரம் வரை நேராகப் போனாய். வண்டி நின்றது. திரும்பிப் பார்த்துச் சத்தம் போட்டாய்: "நானே நிறுத்திட்டன்டி!"

மாசியில் நீ போய்விட்டாய்.

சாலையில் எல்லோரும் என்னை முந்திக்கொண்டு போகிறார்கள். நீ பின்னால் பேசிக்கொண்டு வரும்போது ஒரு சொல்லும் காற்றில் போய்விடக் கூடாதென்று மெதுவாக ஓட்டிப் பழகினேன். இன்னும் அதே வேகம்தான்.