கறி இல்லாத படையல்

தமிழ்நிலா,

உன் நைனாவின் முதல் வருஷப் படையலுக்கு நீ சொன்னபடியே கறி எடுக்கவில்லை. காராமணிக் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது. "வெயில்தாம்மா நைனாவக் கொன்னுச்சு, கறிக்காக ஆடு மாடு வளக்கிறதுல பூமியே சூடாவுதாம், நாம தின்னு தின்னு அந்த வெயில இன்னும் ஏத்திக்கினு கீறோம்" என்று நேற்று கத்தினாயே, அது காதிலேயே நிற்கிறது. ஆனாலும் எனக்குக் கோபம் தீரவில்லை. அந்த மனுஷன் ஆசையாகத் தின்றது அது ஒன்றுதான்.

இன்று முகூர்த்த நாள், துணிக்கடையில் லீவு தரவில்லை. நீயே மொட்டை மாடியில் இலை போடு. காக்கா தொடாவிட்டால் சாயங்காலம் நானே கறி வாங்கி வருவேன். அப்போது வாயைத் திறக்காதே.

அம்மா

வெயில் ஏறும் முன் வைத்துவிடு. பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரும் வை. பெயின்ட் அடிக்க ஏறிய சாரத்திலேயே சுருண்டு விழுந்தவர், கடைசியாகத் தண்ணிதான் கேட்டாராம்.