வழியனுப்பிவிட்டார்கள், நான் இன்னும் கிளம்பவில்லை

ஏப்ரல் 9, செவ்வாய்

பால் வாங்கக் கடைக்குப் போனேன். ஊர்க்காரன் கஸ் கல்லாவுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றுகொண்டு, "கிளெண்டா, நீ போனப்புறம் உன் உருளைக்கிழங்குத் தோட்டத்தை யார் பாத்துக்கப் போறாங்க?" என்று கேட்டான்.

"எங்க போனப்புறம்?"

"எட்மன்டனுக்கு."

கடையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் லெஸ்டருக்குப் போன் போட்டேன். இருபது நாள் நாட்டின் மறுகோடியில் அல்பர்ட்டாவில் எண்ணெய் மணலைத் தோண்டிவிட்டு, எட்டு நாள் இந்தத் தீவுக்கு வந்து போகிற என் புருஷன். கம்பெனியின் பழுதுபார்க்கும் பட்டறை எட்மன்டனில் இருக்கிறதாம். அங்கே ஒரு இடம் காலியாம். காலையில் போனால் சாயங்காலம் வீடு. குடும்பத்தோடு அங்கேயே வந்துவிடலாமாம். மே கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"இதை எனக்குக் கஸ் சொல்லணுமா, லெஸ்டர்?"

"நேத்து வீட்டு நம்பருக்குத்தான் கூப்பிட்டேன். நீ ஸ்கூல் பஸ் எடுத்துட்டுப் போயிருந்த. மெல்வீனா எடுத்தா. வாய் தவறிச் சொல்லிட்டேன்."

தன் தங்கச்சியிடம் வாய் தவறிவிட்டானாம். மெல்வீனாவிடம் சொல்வதற்குப் பதில் சர்ச் மணியை அடித்திருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். பிறகுதான் பார்த்தேன், பால் வாங்காமலே வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 10

இந்த ஊரில் யோசிக்கிறேன் என்று சொன்னால் பெட்டி கட்டிவிட்டாள் என்று அர்த்தம் போலிருக்கிறது.

ஏப்ரல் 18

நிதானமாக யோசிக்கப் பார்த்தேன். டெவனுக்குப் பதின்மூன்று வயது. இங்கே அவன் வகுப்பில் ஆறு பேர், அங்கே ஒரு வகுப்பிலேயே முப்பது பேர் இருப்பார்களாம். ப்ரூக்குக்கு எட்டு வயது, யாரோடும் ஒட்டிக்கொள்வாள். நான்? இங்கே நான் பஸ் ஓட்டுகிறவள், கோரஸில் இரண்டாவது வரிசை, கடலைப் பார்த்து இரண்டு மணி நேரத்தில் மழை என்று சொல்லக்கூடியவள். எட்மன்டனில் கடலே இல்லை. அங்கே நான் யார்? லெஸ்டரின் பெண்டாட்டி.

இரண்டே வருடம் என்று சொல்லிப் போனவர்களை எனக்குத் தெரியும். சாவுக்குத்தான் வருகிறார்கள். கறுப்புக் கோட்டோடு வந்து, எங்கள் கடலில் பிடிக்கிற காட் மீனைத் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

ஆனால் சாயங்காலம் வீடு என்றானே. அந்த வார்த்தை காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 26, வெள்ளி

இன்று காலை பஸ்ஸில் முதல் சீட்டில் டோனா உட்கார்ந்திருந்தாள். கஸ்ஸின் மருமகள். முப்பது வயதுப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை?

"சும்மாதான் வந்தேன் அக்கா. வழி பாத்துக்கலாம்னு."

"பிறந்ததுலேர்ந்து இந்த ரோட்டுலதானேடி இருக்க. இருக்கிறதே ஒரு ரோடு!"

"பஸ்ஸுலேர்ந்து பாத்ததில்லையே."

ஹார்னை எப்படி அடிப்பது என்றுகூடக் கேட்டாள். அடித்துக் காட்டினேன், அவள் காதுக்குப் பக்கத்தில்.

மே 3

இதைவிட ஒரு அநியாயம் உண்டா? நெடுஞ்சாலை ஓரம் இருக்கிற என் தோட்டத்துக்குப் போனேன். பனி உருகி மண் தெரிகிறதா பார்க்கத்தான். மண் தெரியவில்லை. தோட்டம் முழுக்க உரத்துக்குக் கடல்பாசி பரப்பியிருந்தது, நல்ல தடிமனாக, ஓரம் வரைக்கும் ஒழுங்காக. கஸ் முள்வாரியோடு நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான், ஏதோ துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி.

"நிலம் சும்மாக் கிடக்கக் கூடாதேன்னுதான் கிளெண்டா..."

"நான் செத்தா போயிட்டேன்?"

"சேச்சே, அப்படிச் சொல்லாத. எட்மன்டனுக்குத்தானே போற."

"போறேன்னு யார் சொன்னா?"

"எல்லாரும்தான்."

என் பஸ், என் தோட்டம். கோரஸில் என் இடத்தில் யார் நிற்பது என்று போன வாரமே பேசி ஒருத்தியைப் பிடித்திருக்கிறார்கள், அதுவும் ஸ்ருதி சேராதவளை. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குள் என்னைப் பங்கு போட்டுவிட்டார்கள். கஸ்ஸை விரட்டினேன். பாசியை அள்ளி எறிய வேண்டும் என்றுதான் நினைத்தேன். நல்ல பாசி, எறிய மனசு வரவில்லை. இந்த வருடம் நான்தான் இங்கே விதைக்கிறேன்.

மே 11, சனி, நள்ளிரவு தாண்டி

தூக்கம் வரவில்லை.

தீயணைப்பு வண்டிக்கு டயர் வாங்கப் பணம் திரட்டுகிற சாப்பாடு என்று மெல்வீனா கூப்பிட்டாள். பிள்ளைகளோடு போனேன். சர்ச் ஹாலில் உப்புக்கண்டமும் முட்டைக்கோஸும் வேகிற வாசனை. உள்ளே நுழைந்ததும் விளக்கைப் போட்டு எல்லோரும் கைதட்டினார்கள். சுவரில் நீளமாகத் துணி கட்டி, 'போய் வாருங்கள், கிளெண்டா குடும்பத்தாரே' என்று எழுதியிருந்தது. மேடையில் ரிப்பன் கட்டிய பயணப் பெட்டிகள். பெரியது, நடுத்தரம், சின்னது. ஊரே காசு போட்டு வாங்கியதாம்.

மெல்வீனா பேசினாள். நான் எவ்வளவு நல்லவளாக இருந்தேன் என்று சொன்னாள். இருந்தேனாம்! நடுவில் அழவும் செய்தாள். பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள்.

"நான் எங்கயும் போகலை" என்றேன்.

சமையலறையில் ஒரு மூடி விழுந்து உருண்டது.

"போறேன்னு நான் யார்கிட்டயாவது சொன்னேனா? யாராவது ஒரு ஆள் என்னைக் கேட்டீங்களா? என் வாயால ஒரு வார்த்தை வர்றதுக்குள்ள என்னை வழியனுப்ப நீங்க யாரு?"

மெல்வீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி சரி, சாப்பாடு ஆறுது. உக்காருங்க எல்லாரும்."

உட்கார்ந்தார்கள், சாப்பிட்டார்கள். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். கிளம்பும்போது பெட்டிகளையும் என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்றாலும் கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டானாம்.

வந்ததும் லெஸ்டரைக் கூப்பிட்டேன். அங்கே மூன்றரை மணி நேரம் பின்னால், விழித்துத்தான் இருந்தான். "நான் வரலை. பிள்ளைங்களும் வரமாட்டாங்க. முடிஞ்சுது" என்றேன்.

"சரி" என்றான்.

அவ்வளவுதான், சரி. ஒரு தரம் ஏன் என்று கேட்டால் என்ன? கெஞ்ச வேண்டாம், கத்தக்கூடவா கூடாது? ஊர் முழுக்க என்னை அனுப்பத் துடிக்கிறது. கூப்பிட்டவனுக்கு மட்டும் நான் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

மே 19, ஞாயிறு

லெஸ்டர் வந்துவிட்டான். போன முறை ஆள் குறைவென்று லீவே கொடுக்கவில்லை. எட்மன்டன் பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ப்ரூக் எங்கள் கட்டிலில் ஒரு துண்டை மடித்து வைத்து அதன் மேல் சின்ன சோப்பு வைத்திருந்தாள். மோட்டலில் பார்த்ததாம். "அப்பாவுக்கு" என்றாள். லெஸ்டர் அவளுக்கு நன்றி சொன்னான்.

மே 21

காலையில் வராந்தாவில் லெஸ்டர் குனிந்து பயணப் பையைத் துழாவிக் காலுறை தேடிக்கொண்டிருந்தான்.

"மூணு நாளாச்சு. இன்னும் பையைப் பிரிக்கலையா?"

"எங்க வைக்கட்டும்?"

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டான். அலமாரியில் அவன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கிறிஸ்துமஸ் விளக்குகள், பிள்ளைகளின் குளிர்காலப் பூட்ஸ், தையல் மெஷின். எப்போது வைத்தேன் என்று ஞாபகமே இல்லை. ஒருவேளை அவன் வேலைக்குப் போன முதல் குளிர்காலத்திலேயே.

மே 23, வியாழன்

சாயங்காலம் கஸ் வந்தான். தோட்டத்து விஷயமோ என்று சண்டைக்குத் தயாராக நின்றேன். அது இல்லை. டெவன் கஸ்ஸின் படகை எடுத்துக்கொண்டு தனியாகப் பனிப்பாறை பார்க்கப் போய்த் திரும்பியிருக்கிறான். மிதவைச் சட்டைகூடப் போடவில்லை. இந்தக் குளிர்த் தண்ணீரில் விழுந்தால் கரைக்குப் பிணம்தான் வரும்.

டெவன் நடு வீட்டில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். லெஸ்டருக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது. வாயைத் திறந்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அம்மா சொல்றதைக் கேளு" என்றான். எழுந்து விறகு பிளக்கப் போய்விட்டான்.

டெவனைத் திட்டி முடித்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். "உன் பையன் செத்திருப்பான்! உனக்குக் கோபமே வராதா?"

கோடரியைக் கீழே வைத்தான்.

"எட்டு நாள் வந்துட்டுப் போறவன் நான். ஒரு நாள் திட்டினேன்னா, இருபது நாளும் அவனுக்கு அந்தத் திட்டுதான் அப்பா. நான் போன்ல எப்படிச் சமாதானம் பண்ணுவேன்?"

"அதுக்காக?"

"உன் வீட்ல வந்து நான் கத்த முடியுமா கிளெண்டா?"

உன் வீட்டில் என்றான். கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நாலு கூடை கடல்பாசிக்காக நான் ஊரையே உண்டு இல்லை என்று ஆக்கினேன். இந்த மனுஷனின் இடத்தில் தையல் மெஷினே வந்து உட்கார்ந்திருக்கிறது. நன்றி சொல்லிக்கொண்டு சோப்பை எடுத்துக்கொள்கிறான். கோபப்படக்கூட ஒரு இடம் வேண்டும் போலிருக்கிறது. அவனுக்கு அது இல்லை. வேலையிடத்துக் கேம்ப்பில் இல்லை, இங்கேயும் இல்லை.

அலமாரியைக் காலி செய்து கொடுக்கலாம். ஞாயிறன்று அவன் போய்விடுவான், அது மறுபடி நிரம்பிவிடும்.

மே 26

லெஸ்டரைக் காண்டர் விமான நிலையத்தில் இறக்கிவிட்டேன். கதவைத் திறந்து இறங்கினவனை நிறுத்தி, "வர்றோம்னு சொல்லிடு" என்றேன்.

"எங்க?"

"எங்கயா? பட்டறைக்காரன்கிட்ட! ஆகஸ்ட்ல வர்றோம்னு சொல்லு."

"ஏன் திடீர்னு..."

"ஏன்னு கேட்காத. கேட்டா மாத்திடுவேன்."

அப்புறமும் அங்கேயே நின்றான். பின்னால் வண்டிக்காரன் ஹார்ன் அடித்தான். திரும்பி அவனைப் பார்த்துக் கத்தினேன்.

மே 27

மெல்வீனாவிடம் நானே போய்ச் சொன்னேன். தவற வேறு ஒரு வாய் வேண்டாம் என்று. "நாங்கதான் அப்பவே சொன்னோமே" என்றாள். கடையிலும் அதையேதான் சொன்னார்கள். பஸ்ஸில் பிள்ளைகள்கூட அதையேதான் சொன்னார்கள்.

ஜூன் 14

தோட்டத்தை ஒழுங்காக வந்து கேட்டால்தான் கொடுப்பேன் என்று சொல்லியனுப்பியிருந்தேன். கஸ் சட்டை மாற்றிக்கொண்டு வந்து கேட்டான். கொடுத்தேன். டோனாவுக்கு மேட்டில் எங்கே கியர் மாற்றுவது என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் நன்றாகத்தான் ஓட்டுகிறாள், அதுவும் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

நாளை கிளம்புகிறோம். ஊரில் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஒரு டீ இல்லை, ஒரு கேக் இல்லை. மெல்வீனா மட்டும் சாயங்காலம் ஒரு பாத்திரத்தில் பட்டாணி சூப் கொண்டு வந்தாள்.

"இப்பதான் நிஜமாவே போறேன். இப்ப ஒருத்தரும் வரலையே!"

"ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை விருந்து வைக்க நாங்க என்ன ஓட்டலா நடத்துறோம்? உனக்குத்தான் வெச்சாச்சே. நீதான் நின்னு சண்டை போட்ட."

"அது நான் போகாதப்ப வெச்சது!"

"எப்ப வெச்சா என்னடி, சாப்பிட்டியா இல்லையா?"

அப்புறம் இரண்டு பேரும் சமையலறையில் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதோம். சூப்பில் உப்பு அதிகம். சொல்லவில்லை.

செப்டம்பர் 8, எட்மன்டன்

தட்டை ஊர். எத்தனை வானம்! மழை எப்போது வரும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பெயரே சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறாள். கதவைத் தட்டி என் பெயரை நானே சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

லெஸ்டரும் டெவனும் மூன்று நாளாகப் பேசிக்கொள்வதில்லை. டெவன் சொல்லாமல் பஸ் பிடித்து எங்கேயோ சுற்றிவிட்டு இருட்டிய பிறகு வந்தான். லெஸ்டர் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். டெவனும் விடவில்லை, பதிலுக்குக் கத்தினான். இப்போது உப்பை எடுத்துக் கொடுப்பதற்குக்கூட நான் நடுவில் வேண்டும். அவனிடம் சொல், இவனிடம் சொல் என்று. நான் என்ன தபால்காரியா? இதற்காகவா அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்தேன்? இருவரையும் ஒரே மூச்சில் திட்டினேன்.

ப்ரூக் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டாராம்.

"அம்மா, அப்பா எப்பதான் வேலைக்குத் திரும்பிப் போவார்?"

"போக மாட்டார். இனிமே இப்படித்தான்."

"தினமுமா?"

"தினமும்தான்."

ப்ரூக் தன் அறைக்குப் போய்க் கதவைப் படார் என்று சாத்தினாள்.

"கதவை மெதுவாச் சாத்து!" என்று லெஸ்டர் உள்ளேயிருந்து கத்தினான்.

அவள் திறந்து, இன்னும் பலமாகச் சாத்தினாள்.