எந்தப் புகாரும் கொடுக்க மாட்டேன்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததில் இருந்து சாரல். மெயின் அருவி, பெண்கள் பக்கம், டூட்டி காலை 6 முதல் மதியம் 2. ஷூவில் நேற்றைய ஈரமே காயவில்லை. வலது முழங்கால் படியேற மறுக்கிறது. ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் கூட்டம் தெரியவில்லை. எழுந்து நின்றேன்.

விசில் ஊதி ஊதி உதடு காந்தல். வெளியூர் அம்மா ஒருவர் ஈரத் தலையோடு வந்து, "நீங்க நிக்கிறீங்கன்னுதான் பயமில்லாமக் குளிக்கிறோம்" என்றார். நல்ல வேலைதான் இது. முட்டிதான் ஒத்துழைக்கவில்லை.

சர்வீஸ் 26 வருடம். நீண்ட காலச் சேவைக்குச் சான்றிதழாம், மகளிர் காவல் நிலையத்தில் இருந்து என் பெயரை அனுப்புகிறார்கள். இன்ஸ். மேடம் படிவம் தந்தார். என் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு. நான்காவது கேள்வி: சமரசமாக முடித்து வைத்த குடும்பப் பிரச்சினைகள். "அதுல உங்கள அடிச்சுக்க ஆளில்ல. சீக்கிரம் குடுத்துருங்க" என்று சிரித்தார். மகளிர் நிலையங்களில் மட்டும் பதினோரு வருடம் இருந்திருக்கிறேன். ஆளில்லைதான். பெருமையாக இருந்தது. இங்கே எழுதிக்கொள்வதில் என்ன வெட்கம்.

வாங்க: தைலம், கறுப்பு சாக்ஸ் 2, தோசை மாவு.

ஜூலை 9, புதன்

தண்ணீர் திடீரென்று செம்மண் நிறம். 10.40க்கு வெள்ள எச்சரிக்கை சைரன். பத்து நிமிடத்தில் பெண்கள் பக்கம் காலி. ஒருத்தி மட்டும் தலை நிறைய நுரையோடு அழுகிறாள். "ஷாம்பு போட்டுட்டேன் மேடம், எப்படிப் போறது?" அருவியில் ஷாம்பு போடவே கூடாது. திட்டத் தெம்பில்லை. குழாயடிக்கு அனுப்பினேன்.

பிறகு மழை வலுத்தது. உடை மாற்றும் அறையில் ஒதுங்கினேன். அதைக் கூட்டிக் கழுவுகிற முப்பிடாதி உள்ளே இருந்தாள். பத்து சீசனாவது முகம் தெரியும், பேசியதில்லை. என்னைக் கண்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். இன்று போக வழியில்லை. நனைந்த ரவிக்கைக்குக் கீழே, முதுகில் பெல்ட் தடம். பழையதும் இருக்கிறது, புதியதும் இருக்கிறது.

"என்ன இது?"

"வழுக்கி விழுந்துட்டேன்."

"விழுந்தா பெல்ட்டுத் தடமா விழும்?"

ரவிக்கையை இழுத்து விட்டுக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரவியதான்."

"புகார் குடு. நானே கூட வாரேன்."

"அது முடியாது மேடம். இனிமே குடுக்க மாட்டேன்னு ஸ்டேசன்ல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கம்லா. மீறுனா என்னையல்லா உள்ள போடுவாவ?"

எப்போது போட்டாய் என்று கேட்டேன். மூத்தவள் வயிற்றில் இருக்கும்போதாம். மூத்தவளுக்கு இப்போது பதினெட்டு நடக்கிறது.

பதினெட்டு வருடம். காகிதம் இன்னும் இருக்கிறதாம். நாளை கொண்டுவரச் சொன்னேன்.

ஜூலை 10, வியாழன்

சாரல் இல்லை, காற்று மட்டும். கூட்டம் குறைவு.

பாலித்தீன் பைக்குள் நாலாய் மடித்த காகிதம். 'இருவரும் சமாதானமாகச் சேர்ந்து வாழ்கிறோம். இனிமேல் என் கணவர் மீது எக்காலத்திலும் எந்தப் புகாரும் கொடுக்க மாட்டேன் என உறுதி கூறுகிறேன்.' கீழே அவளுடைய கோணல் கையெழுத்து, நிலையத்தின் சீல். எழுதியிருப்பது நான்.

சந்தேகமே இல்லை. அப்போது நான் இருந்தது வேறு நிலையம். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று எல்லாக் காகிதத்தையும் என்னிடம்தான் தள்ளுவார்கள். அந்த வரியை யாரும் சொல்லித்தரவில்லை. பழைய காகிதத்தைப் பார்த்துப் புதியதை எழுதுவேன். அதே மனு அடுத்த வாரம் திரும்பி வராமல் இருக்க ஒரு வரி, அவ்வளவுதான். சட்டத்தில் அது செல்லாது. எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லத் தோன்றவில்லை.

"இது செல்லாது முப்பிடாதி. நீ எப்ப வேணும்னாலும் புகார் குடுக்கலாம்."

"சீல் வச்சிருக்கே மேடம்" என்றாள். நம்பவில்லை.

யார் எழுதியது என்று சொல்ல வாய் வரவில்லை. பயந்தாங்கொள்ளி.

ஜூலை 11, வெள்ளி

ஓய்வு நாள். துணி துவைத்தேன். படிவம் மேசையிலேயே.

அந்த நாள் மங்கலாக ஞாபகம் வருகிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் ஒரு பெண். எழுதி வாங்கியதும் புருஷன்காரன் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கி வந்தான். ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்தோம் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

இவரிடம் சொன்னேன். பேப்பரில் இருந்து தலை தூக்காமல், "நீ எழுதலன்னா வேற யாராவது எழுதிருப்பாவ. அதுக்குப் போயி சாப்பிடாமக் கெடக்க?" என்றார்.

"வேற யாரும் எழுதல. நாந்தான எழுதுனேன்!" கத்திவிட்டேன். பாவம், அவரே தோசை சுட்டு வைத்தார்.

எல்லாமே அப்படிப் போகவில்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகளோடு நின்று "நல்லாருக்கோம் மேடம்" என்றவர்கள் உண்டு. ஆனால் எந்த வீடு நன்றாக இருக்கிறது, எந்த வீடு வாயை மூடிக்கொண்டு இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான்காவது கேள்வியைக் குறுக்காக அடித்தேன். மீதியை நிரப்பினேன்.

ஜூலை 12, சனி

கூட்டமோ கூட்டம். முப்பிடாதி வரவில்லை. சூப்பர்வைசர், "போனும் எடுக்க மாட்டுக்கா மேடம்" என்றார். அதற்குப் பிறகு எதிலும் மனம் நிற்கவில்லை.

2 மணிக்கு டூட்டி முடிந்ததும் முகவரி வாங்கிக்கொண்டு வீ.கே.புதூர் பஸ். தென்காசியில் இருந்து நின்றுகொண்டே போனேன். முட்டி விண் விண் என்று தெறித்தது.

வீட்டில் அவளும் மூத்தவளும். முப்பிடாதியின் இடது கை வீங்கி, துண்டால் கட்டியிருந்தது.

"பேப்பர எதுக்குட்டி வெளிய எடுத்தேன்னு அடிச்சாவ."

நான் கேட்டதால்தானே எடுத்தாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "அந்தப் பேப்பர எழுதுனது நாந்தான் முப்பிடாதி."

அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். "தெரியும் மேடம். டீகூட வாங்கித் தந்தியளே" என்றாள்.

"பொறவு ஏன் இத்தன வருசம் எங்கிட்ட ஒரு வார்த்த பேசல?"

"எழுதிக் குடுத்துட்டு ஒழுங்கா வாழலையேன்னு கேட்டுருவியளோன்னுதான். உங்களக் கண்டா அதுக்குத்தான் ஓடி ஒளிஞ்சேன்."

குற்றவாளி மாதிரி என்னிடம் இருந்து ஒளிந்திருக்கிறாள். வேறு யாரிடம் இருந்தும் இல்லை, என்னிடம் இருந்து. "மன்னிச்சிரு" என்றேன். இந்தச் சீருடையைப் போட்டுக்கொண்டு இதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அவளுக்குக் கூச்சமாகிவிட்டது.

மூத்தவள்தான் பேசினாள். "அம்மா, நாளைக்குப் போவோம். நான் பாத்ததையும் சொல்லுதேன்."

அவன் வருவதற்குள் இரண்டு பேரையும் முப்பிடாதியின் அக்காள் வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

லேசான தூறல். அருவி டூட்டிக்குப் பதில் ஆள் போட்டாயிற்று. காலையில் பெரியாஸ்பத்திரி. மணிக்கட்டு எலும்பில் கீறல், மாவுக்கட்டு. அங்கிருந்து நேராக மகளிர் நிலையம்.

இன்ஸ். மேடம், "நீங்களே பேசி முடிச்சிருவீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"இது பேசி முடிக்கிறதுக்கு இல்ல மேடம். கேஸ் போடணும்."

படிவத்தையும் நீட்டினேன். நான்காவதை ஏன் அடித்தீர்கள் என்று கேட்டார். பழைய காகிதத்தை அவர் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். படித்தார். "புகார நீங்களே எழுதுங்க, நான் பதியுதேன்" என்றார்.

முப்பிடாதி சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டு மணி நேரம். நடுவில் தண்ணீர் குடித்தாள். மூத்தவள் பார்த்ததைத் தனியாக எழுதினேன். முடித்து, முழுவதும் வாசித்துக் காட்டி, பேனாவைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போடவில்லை.

"மேடம், இதுல நான் என்னத்தச் செய்யக் கூடாதுன்னு எழுதியிருக்கு?"

"ஒண்ணும் எழுதல."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

முதல் வரியில் இருந்து மறுபடியும் வாசித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் காகிதத்தை என் கையில் இருந்து மெதுவாக வாங்கி மகளிடம் நீட்டினாள்.

"நீ ஒருக்கா வாசி ட்டி."

மகள் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். அதற்குப் பிறகுதான் முப்பிடாதி கையெழுத்துப் போட்டாள்.